எம்ஜிபி காரில் ஓவர்டிரைவ் ஒயரிங்: கியர்பாக்ஸ் மேல் இருக்கும் சுவிட்ச் எதற்கு?

ஓவர்டிரைவ் என்பது கியர்பாக்ஸின் பின்னால் மாட்டியிருக்கும் கூடுதல் கியர் யூனிட். அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பிற்கால மாடல்களில் வந்த லேகாக் எல்ஹெச் வகை ஓவர்டிரைவ் யூனிட்டுக்கு ஒயரிங் எளிதுதான். சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஒயரில் ஒரு ஃபியூஸ் போடுங்கள், அங்கிருந்து டிரைவர் சுவிட்ச், அப்புறம் கியர்பாக்ஸ் மேல் உள்ள தடுப்பு சுவிட்ச், கடைசியில் சோலனாய்டு (கரன்ட் வந்தால் ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்த வால்வு).

கதவு மூடாதவரை பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் லிஃப்ட் நகராது இல்லையா, தடுப்பு சுவிட்சின் வேலையும் அதுதான்: மேல் கியரில் மட்டும் கரன்ட்டை விடும். அதைத் தாண்டி ஒயரை நேராக இழுத்து, ஓவர்டிரைவோடு ரிவர்ஸ் எடுத்தால் உள்ளே இருக்கும், ஒரு பக்கம் மட்டுமே சுற்ற விடும் ஒருவழி கிளட்ச் நொறுங்கிவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஓவர்டிரைவ் விழவில்லை என்றதும் யூனிட்டே போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம், ஏனென்றால் இந்தக் காரில் கியர்பாக்ஸை இறக்க எஞ்சினையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும். அதனால் முதலில் சோலனாய்டு ஒயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள்.