ஒரே வாங்கில் இரண்டு நியாயம்

கேள்வி: எங்கள் ஊர்ச் சந்தியில் உள்ள மோட்டார் சைக்கிள் கராச்சில் போட்டிருக்கும் வாங்கில் ஞாயிறு பின்னேரம் பத்துப் பேர் கூடுவோம். முதலில் மோட்டோ ஜீபி பைக் பந்தயம், இரவானால் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் உதைபந்தாட்டம், எல்லாம் போனில்தான். மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்தில் முகாமையாளராக இருந்த பேர்குசன் போன பிறகு அங்கு வந்த முகாமையாளர் ஒருவரும் உருப்படியில்லை என்பது என் கட்சி. பைக் பந்தய வீரர் ரோசி டுகாட்டி கொம்பனியின் பைக்கில் தோற்றது பைக்கின் பிழை என்பதும் என் கட்சிதான். பெரியவர்களோ, "ஊர்க் கழகத்தையே நடத்தத் தெரியாது, இங்கிலாந்துக் கழகத்துக்கு ஆள் தேடுறாங்கள்" என்று நக்கலடிக்கிறார்கள். எங்கள் கழகத்திலும் இந்த முறை பயிற்றுநரை மாற்றத்தான் போகிறோம். ரசிகனுக்குக் கதைக்க உரிமை இல்லையா?

வாசகர் ஒருவர், விசுவமடு

பதில்: உரிமை தாராளமாக இருக்கிறது தம்பி. பெரியவர்களின் நக்கலை விடுங்கள். அவர்களும் அதே சந்தித் தேநீர்க்கடையில் இருந்துகொண்டு அமெரிக்க ஜனாதிபதிக்குப் புத்தி சொல்கிறவர்கள்தான். கதைப்பதற்குத் தகுதிச் சான்றிதழ் கேட்டால் வன்னியில் ஒரு தேநீர்க்கடையும் நடக்காது.

எனக்கு உறுத்துவது வேறு. மாலை ஐந்தரைக்குப் பந்தயம் தொடங்கும்போது பைக்கில் பிழை பிடிக்கிறீர்கள். இரவு ஒன்பது மணிக்கு அதே வாங்கில் இருந்தபடி ஆளில் பிழை பிடிக்கிறீர்கள். ரோசி தோற்றால் கொம்பனி செய்த பைக் சரியில்லை. முகாமையாளர் தோற்றால் அவருக்கு மூளை இல்லை. கடிதத்தில் இரண்டு வசனமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, எழுதும்போது உங்களுக்கே தெரியவில்லையா?

ரோசியையே எடுப்போம். 2003 இல் ஹொண்டாவில் சம்பியன். அடுத்த வருடம் யமஹாவுக்குப் போனார். 1992 இல் வெய்ன் ரெய்னி வென்ற பிறகு அதுவரை யமஹா அந்தப் பட்டத்தைத் தொட்டதே இல்லை. போன முதல் பந்தயத்தையே, தென்னாபிரிக்காவின் வெல்கமில், ரோசி வென்றார். வருட முடிவில் பட்டமும் அவருக்குத்தான். ஆள் கெட்டிக்காரன் என்றால் எந்தப் பைக்கும் ஓடும் என்று உங்கள் வாங்கு அன்று தீர்ப்பு எழுதியிருக்கும். ஆனால் ரோசி தனியாகப் போகவில்லை. ஜெரமி பேர்ஜஸ் என்ற ஆஸ்திரேலியத் தலைமை மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டுதான் போனார்.

2011 இல் அதே பேர்ஜஸோடு டுகாட்டிக்குப் போனார். இரண்டு வருடம், ஒரு வெற்றி இல்லை. பைக்கின் பிழை என்கிறீர்கள். சரி, பைக்கிலும் பிழை இருந்தது. ஆனால் 2007 இல் கேசி ஸ்டோனர் சம்பியனானது டுகாட்டியில்தானே? 2010 இலும் மூன்று பந்தயம் வென்றுவிட்டுத்தான் அவர் இறங்கினார். அவருக்கு ஓடியது இவருக்கு ஓடவில்லை. கிட்டத்தில் நடந்ததையும் பாருங்கள். 2024 இல் பன்யாயா டுகாட்டியில் பதினொரு பந்தயம் வென்றார். 2025 இல் மார்க் மார்க்கெஸ் அதே குழுவுக்குள் வந்து சம்பியனாக, பன்யாயாவுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு. கராச் ஒன்று, கொம்பனி ஒன்று.

சில வருடங்களுக்கு முன் என்னுடைய பழைய நூறு சீசீ பைக் இழுவை இல்லாமல் போனது. மாங்குளத்தில் ஒரு கராச்சில் நிறுத்தினேன். காப்ரேட்டரைக் கழற்றுவார்கள், பிளக்கைத் துடைப்பார்கள், ஒரு மணித்தியாலம் போகும் என்று நினைத்து வாங்கில் வசதியாகக் குந்திவிட்டேன். அங்கிருந்த பெடியன் ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை. எண்ணெய்க் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டே, "ஐயா, கிளச்சில விரலை வைச்சபடிதானே ஓடுறனீங்கள்?" என்று கேட்டான். இருபது வருடப் பழக்கம். திறந்து பார்த்தால் கிளச் பிளேட் தேய்ந்து கிடந்தது. பிளேட்டை மாற்றினான், என்னையும் பத்து நிமிடம் பக்கத்தில் நிறுத்திப் பாடம் எடுத்தான். பைக்கை மட்டும் திருத்தி அனுப்பினால் ஆறு மாதத்தில் திரும்பி வருவேன் என்று அவனுக்குத் தெரியும்.

  

இனி ஒன்பது மணிக்கு வருவோம். பேர்குசன் போன பிறகு என்கிறீர்கள். அவர் போனது 2013 இல். அதே கோடையில் டேவிட் கில்லும் போனார், அதை யாராவது உங்கள் வாங்கில் சொன்னார்களா? கழகத்தின் தலைமை நிர்வாகி அவர். வீரர்களை வாங்குவதும் விற்பதும் ஒப்பந்தம் பேசுவதும் அவர் மேசையில் நடந்தவை. அந்தப் பொறுப்புக்கு வந்த எட் வூட்வர்ட், கிளேசர் குடும்பம் 2005 இல் கழகத்தை வாங்கியபோது அவர்களுக்கு ஆலோசனை சொன்ன வங்கிக்காரர். புதிய முகாமையாளர் டேவிட் மொய்ஸ் செய்ததோ அதைவிட வேடிக்கை. பேர்குசனோடு வேலை செய்த உதவிப் பயிற்றுநர்கள் போய்விட, அந்த இடங்களுக்குத் தன் பழைய கழகத்து ஆட்களைக் கொண்டுவந்தார். ரோசி புதுப் பைக்குக்குப் போகும்போது மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனார். இவர் வந்த இடத்தில் அந்தப் பைக்கின் குணம் தெரிந்த மெக்கானிக்குகள் இருந்தார்கள், அவர்களை வைத்துக்கொள்ளவில்லை. ஆறு வருட ஒப்பந்தத்தோடு வந்தவர் பத்து மாதத்துக்குள், 2014 ஏப்ரலில், வீட்டுக்குப் போனார்.

பிறகு வந்தவர்களை "ஒருவரும் உருப்படியில்லை" என்று ஒரே மூச்சில் தள்ளிவிடுகிறீர்கள். வான் கால் 1995 இல் அயக்ஸ் கழகத்துக்கு ஐரோப்பியக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர். மொரீனியோ 2004 இல் போர்ட்டோவுக்கும் 2010 இல் இன்டர் மிலானுக்கும் அதே கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தவர். யுனைட்டட்டின் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மூளையையும் அங்கேயே வைத்துவிட்டா உள்ளே போனார்கள்? வான் கால் 2016 மே மாதத்தில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்று கொடுத்து, இரண்டே நாளில் வேலையை இழந்தார். ஓட்டுகிறவர்களை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தும் ஒரே இடத்தில்தான் பைக் நிற்கிறது என்றால், உங்கள் கராச்சில் இருக்கும் கடைசிப் பெடியன்கூட எஞ்சினைத் திறந்து பார் என்றுதான் சொல்வான்.

முகாமையாளர்கள் எல்லாரும் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. பணம் கொட்டி வாங்கிய வீரனை எந்த இடத்தில் விடுவது என்று தெரியாமல் நின்றவர்களும் இருக்கிறார்கள். கிளச்சில் விரலை வைத்து ஓடுகிற முகாமையாளர்களும் உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் காலம் கொடுக்க வேணும். நீங்கள் கும்பிடுகிற பேர்குசன் 1986 நவம்பரில் வந்தவர். முதல் கிண்ணம் 1990 மே மாதத்தில், எஃப்.ஏ. கிண்ணம். அதே பருவத்தில் லீக்கில் யுனைட்டட் பதின்மூன்றாம் இடம். இறுதிப் போட்டியும் கிறிஸ்டல் பலஸோடு மூன்றுக்கு மூன்று என்று சமநிலையில் முடிய, திரும்ப விளையாடி ஒரு கோலால் வென்றார்கள். அந்தத் திரும்ப விளையாடிய போட்டிக்கு, முதல் போட்டியில் நின்ற கோல் காப்பாளரைத் தூக்கிவிட்டு இன்னொருவரை இறக்கியவர் பேர்குசன். தோற்றிருந்தால் அது ஒன்றே போதும், உங்கள் வாங்கு அவரை மூன்று வருடம் திட்டியிருக்கும். லீக் பட்டம் வர 1993 ஆகிவிட்டது.

நிர்வாகம் என்ற சொல் உங்கள் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை. ஆள் கண்ணுக்குத் தெரிவார், மழையில் கோட்டுப் போட்டுக்கொண்டு கோட்டோரம் நிற்பார், திட்டுவதற்கு வசதி. நிர்வாகத்துக்கு முகம் இல்லை. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை, நிர்வாகத்தில் வெளித் தலையீடு என்று சொல்லி, ஃபீஃபா இடைநிறுத்தியது. தடை நீங்க ஓகஸ்ட் வரை போனது. அந்த ஏழு மாதமும் நம் நாட்டு அணி வெளியே போய் ஒரு சர்வதேசப் போட்டி ஆட வழியில்லை. அந்த ஏழு மாதத்து ஞாயிறுகளில் உங்கள் வாங்கில் என்ன கதை போனது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரி. ஊர்க் கழகப் பயிற்றுநரை மாற்றப்போகிறீர்களாம். நானும் வன்னியில் சில கழகங்களின் பொதுக்கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். தலைவர் தெரிவுக்கு இரண்டு மணித்தியாலம் அடிபடுவார்கள். வெளிநாட்டு அண்ணாமார் அனுப்பிய சீருடையில் யாருடைய பெயர் பெரிதாக அடிப்பது என்பதற்கு இன்னொரு மணித்தியாலம். பயிற்றுநரின் விஷயம் "வேறு விடயங்கள்" என்பதன் கீழ், பிளேன்ரீயும் பணிசும் சுற்றி வருகிற நேரத்தில் வரும். பாதிப் பேர் எழும்பிப் போயிருப்பார்கள். மிச்சப் பேர் கை உயர்த்துவார்கள், ஆள் மாறிவிடுவார்.

அந்த மனிதர் சொந்தப் பைக்கில், சொந்தக் காசில் பெற்றோல் அடித்து வருகிறவராகத்தான் இருப்பார். காலபோக அறுவடை தொடங்கினால் பயிற்சிக்கு ஐந்து பேர் வந்தாலே பெரிய காரியம். கெட்டிக்கார முன்வரிசைக்காரன் கொழும்பில் வேலை கிடைத்துப் போயிருப்பான். பந்து இரண்டு இருக்கும், ஒன்றுக்கு அரை மணிக்கு ஒருதரம் காற்று அடிக்க வேணும். மாற்றுவதென்றால் மாற்றுங்கள், அது உங்கள் கழகம். அதற்கு முன் கடந்த ஒரு வருடத்தில் அவருக்கு எத்தனை பந்து வாங்கிக் கொடுத்தீர்கள், பயிற்சிக்கு நீங்கள் எத்தனை நாள் போனீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். மிச்சப் பதில் அடுத்த இதழில்.