எம்பிஏ வேண்டாம், விலையை மாற்றச் சொல்லுங்கள்

சென்ற வாரம் திருப்பூரிலிருந்து ஒரு அப்பா, அம்மா, மகள் மூவரும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். மகளுக்கு 23 வயது. பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே எஸ்இஓ வேலை பார்க்கிறாள். கூகுளில் தேடுகிறவர் கண்ணில் படும்படி கடைகளின் வெப்சைட்டைச் சரிசெய்து கொடுக்கும் வேலை. மூன்று வாடிக்கையாளர்கள், ஆளுக்கு மாதம் 8,000. அதில் ஒருவர் இரண்டு மாதப் பாக்கி. "பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன வேலைன்னு கேட்டா என்னத்தைச் சொல்றது? எம்பிஏ சேர்த்து விடு" என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நிற்கிறாராம். தனியார் கல்லூரி, 10 லட்சம், கல்விக் கடன்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் முதலில் கடனைக் கணக்குப் போடுவோம். 10 லட்சம், 11 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 17,100. படிக்கிற 2 வருடத்தில் ஏறுகிற வட்டி தனி. இப்போது கையில் வருகிற பணமும் அந்த 2 வருடம் நின்றுபோகும். இத்தனையும் எதற்கு? அவள் கேட்காத ஒரு படிப்புக்கு. நீங்கள் வெளியே காபி குடிக்கப் போனபோது அவளிடம் தனியாகக் கேட்டேன். "படிக்க பயமில்லைங்க சார். இந்த வேலையைத்தான் இன்னும் நல்லா செய்யணும்னு இருக்கு" என்றாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? அவளை அந்தக் கல்லூரியில் சேர்க்காதீர்கள்.

அவளுக்குப் படிப்பில் குறையில்லை. விலை வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். நீங்களே சொன்ன கதையைப் பாருங்கள். ஒரு ஜவுளிக்கடையின் வெப்சைட்டைப் புதிதாக மாற்றினார்கள். அடுத்த வாரமே கூகுளிலிருந்து கடை காணாமல் போய்விட்டது. உங்கள் மகள் உட்கார்ந்து தேடினாள். சோதனைக்காகப் போட்டிருந்த 'நோஇன்டெக்ஸ்' என்ற ஒற்றை வரியை எடுக்காமலேயே விட்டிருந்தார்கள். 'இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே' என்று கூகுளுக்குச் சொல்கிற வரி அது. 20 நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். பணம் எவ்வளவு? "இருபது நிமிஷ வேலைதானே" என்று ஒன்றும் வாங்கவில்லை. கடைக்காரர் ஒரு கிலோ மைசூர்பாகு அனுப்பினார். அந்தக் கடையின் தீபாவளி வியாபாரத்தைக் காப்பாற்றிய வேலை அது! மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் கைதேர்ந்தவருக்குத்தான் நஷ்டம்.

"கூகுளில் முதலிடம் வந்தால் பணம் தருகிறேன்" என்று ஒருவர் கேட்கிறாராம். அதற்குத் தலையாட்டவே கூடாது. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பலன் தெரிய 4 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்றும் சொல்கிறது. கூகுள் வருடத்தில் பல முறை தன் தரவரிசை முறையையே மாற்றுகிறது. அவள் சொன்ன திருத்தத்தை வெப்சைட் செய்தவர் ஒரு மாதம் தொடாமலே வைத்திருப்பார். தன் கையில் இல்லாததை நம்பி அவள் ஏன் கூலியைப் பணயம் வைக்க வேண்டும்?

மாதக் கட்டணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுவோம். பலரும் கண்டுகொள்ளாத ஒரு வழி இருக்கிறது. வெப்சைட்டில் என்னென்ன கோளாறு என்று ஒரே ஒரு முறை அலசிச் சொல்லும் ஆடிட், முன்கூட்டியே பேசிய ஒரே விலை. டாக்டரிடம் முழு உடல் பரிசோதனை செய்துகொள்வது மாதிரி. பக்கம், படம் எல்லாம் சேர்த்து 500 இணைய முகவரிக்குள் இருக்கிற சிறிய வெப்சைட்டுகளோடு தொடங்கட்டும். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு அதுவரை அலசித் தரும். ஒரு வெப்சைட் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவி சர்ச் கன்சோல். கடைக்காரரிடம் அதைப் பார்க்க அனுமதி வாங்கினால் 16 மாதத் தேடல் விவரம் கிடைக்கும். அங்கேதான் சுவாரசியம். குழந்தை உடை தைக்கிற ஒரு கடையின் பக்கம் தேடலில் 4,000 முறை காட்டப்பட்டு 12 பேர்தான் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். திறந்து பார்த்தால் அந்தப் பக்கத்தின் தலைப்பு வெறும் 'ஹோம்' என்று இருக்கும். குழந்தை உடை தைத்துத் தருகிறோம் என்று எங்கேயுமே இருக்காது. உடைந்த இணைப்புகள், மொபைலில் திறக்க ஆகும் நேரம், கூகுள் மேப்பில் பழைய போன் நம்பர் எல்லாம் இப்படித்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அறிக்கை 12 பக்கம் போதும். இந்த வாரம் செய்ய வேண்டியது, இந்த மாதம் செய்ய வேண்டியது, பொறுத்துச் செய்யலாம் என்று மூன்றாகப் பிரித்து எழுதட்டும். அப்புறம் முதலாளியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து தமிழிலேயே படித்துக் காட்டட்டும். இதுதான் உயிர்நாடி. வெறுமனே அனுப்பிவைத்த அறிக்கையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. திருத்திக் கொடுப்பதும், கட்டுரை எழுதித் தருவதும் இதில் சேராது என்று கொட்டேஷனிலேயே எழுதிவிட வேண்டும். "நீயே செய்து கொடும்மா" என்று அவர் கேட்டால் அதற்கு வேறு கொட்டேஷன்.

விலை? லேப்டாப், இன்டர்நெட், மருத்துவக் காப்பீடு, வீட்டுக்குத் தருவது எல்லாம் சேர்த்து மாதம் 36,000 வேண்டும் என்று அவளே கணக்குச் சொன்னாள். மாதத்தில் காசு வரும் வேலை நாள் 12தான் கிடைக்கும். மீதி ஆள் தேடுவதிலும் பாக்கி கேட்பதிலும் போய்விடும். அப்படியானால் ஒரு நாள் 3,000. ஆடிட்டுக்கு 6 நாள், ஆக 18,000. மாதம் இரண்டு கிடைத்தால் போதும். பாதி அட்வான்ஸ் வாங்காமல் லேப்டாப்பைத் திறக்கவே கூடாது. இதில் நான் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், அவளை வருடா வருடம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யச் சொல்லுங்கள். வங்கியில் அதைத்தான் கேட்பார்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவுகூடத் தேவைப்படாது.

கல்லூரிக்கு வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றீர்களே, கட்டாதீர்கள். உங்கள் நண்பர் தன் பனியன் கம்பெனி வெப்சைட்டை மாற்றப் போகிறார் என்றும் சொன்னீர்கள். அவரிடம் மகளை அழைத்துப் போங்கள். விலையை அவளே சொல்லட்டும். தெரிந்தவர்தானே என்று நீங்கள் நடுவில் புகுந்து குறைக்க மட்டும் வேண்டாம்.