தோள் தேய்மானம்: ஊசி மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 66 வயது; சர்க்கரை நோய் உண்டு. ஒன்றரை ஆண்டாக வலது தோளில் வலி. தலை வாரக்கூட முடியவில்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்கிறார்கள். அறுவைச் சிகிச்சையைத் தவிர்க்க முடியுமா? ஊசி போடலாமா?

பதில்: பலர் பல ஆண்டுகள் அறுவைச் சிகிச்சை இல்லாமலே சமாளிக்கிறார்கள். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. வளர்ப்பதாகச் சொல்லி விற்கும் மாத்திரைகளுக்குக் காசைக் கொடுக்காதீர்கள். குறைக்கக்கூடியவை வலியும் இறுக்கமும்.

ஸ்டீராய்டு ஊசி போடலாம். தோள் மூட்டு ஆழத்தில் இருப்பதால், ஸ்கேன் பார்த்தபடி போடுவது நல்லது. சில வாரங்கள் முதல் மூன்று மாதம்வரை வலி தணியும். ஆனால் ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், ஊசி போட்டு மூன்று மாதமாவது கடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமித்தொற்று அபாயம் கூடும். மூட்டுக்குள் வழவழப்புக்காகப் போடும் ஹயலூரானிக் அமில ஊசியால் இந்த மூட்டுக்குப் பயனில்லை என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. முழங்காலுக்குப் போட்டுப் பலன் கண்டதாக யாராவது சொன்னால், அது வேறு மூட்டு.

வலி தணிந்திருக்கும் அந்த வாரங்களில் பயிற்சி செய்யாவிட்டால் ஊசி வீண். பலர் வலி போனதும் பிசியோதெரபியை நிறுத்திவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். முதலில் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். பிறகு மல்லாந்து படுத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி மடக்கி, இரு கைகளாலும் ஒரு கம்பைப் பிடியுங்கள். இடது கையால் கம்பை மெல்லத் தள்ளி, வலது முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். இழுப்பு தெரியும் இடத்தில் சில நொடிகள் நிறுத்துங்கள். மறுநாள் காலைவரை வலி நீடித்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

மாத்திரையில் பாரசிட்டமாலில் தொடங்குங்கள். அதைவிடக் கடுமையான வலி நிவாரணிகளைக் கடையில் நீங்களே கேட்டு வாங்க வேண்டாம். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம்தான் முதலில் அடிவாங்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகே அவற்றை மருத்துவர் தருவார். இரவில் வலது பக்கம் ஒருக்களிக்காமல், மல்லாந்து படுத்து முழங்கைக்கு அடியில் தலையணை வையுங்கள்.

ஊசி போட்ட தோள் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.