கிளாஸ் இல்லாத பீகொம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கதைகளில் வருகிற கணக்குக் கந்தோர் மனிதர்களை வாசித்த தைரியத்தில் எழுதுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பீகொம் முடித்து ஒன்பது மாதம் ஆகிறது. கிளாஸ் என்கிற வகுப்புச் சித்தி இல்லை, சாதாரண சித்தி. ஜீபிஏ 2.4. ஏ.எல். வரை தமிழில் படித்துவிட்டு முதல் வருடம் எல்லாம் ஆங்கிலம் என்றதும் தடுமாறிவிட்டேன். இரண்டு பாடம் திரும்ப எழுதினேன். பதினேழு இடத்துக்கு விண்ணப்பம் போட்டு மூன்று இடத்தில்தான் கூப்பிட்டார்கள். மூன்றிலும் முதல் கேள்வி, "ஏன் பிள்ளை கிளாஸ் வரேல்லை?" முழிசிக்கொண்டு நின்றதோடு சரி. சுயவிபரக் கோவையில் பெறுபேற்றை எழுதாமல் விடலாமா? ஏஏடி, சீஏ, சீமா என்று கணக்கியல் பயிற்சி நெறிகளுக்கு ஆளுக்கொரு பக்கம் பதியச் சொல்கிறார்கள். அம்மா, அரச வேலை வரும்வரை பொறு என்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை கொடிகாமத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குக் கணக்கு உதவியாளர் நேர்முகத்துக்குப் போக இருக்கிறேன். பட்டம் முடித்துவிட்டுக் கடைக்குப் போவது வெட்கமாகவும் இருக்கிறது.

ம.
சாவகச்சேரி

அன்புள்ள பிள்ளைக்கு,

என்னுடைய பட்டமும் சாதாரண சித்திதான். இதுவரை சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கடைசியாகக் கேட்டவர் 1992இல் ஒரு வங்கி அதிகாரி. கோப்பை முழுக்க விரிக்காமலே மேசையின் என் பக்கமாகத் தள்ளிவிட்டார். அன்று வீட்டுக்குப் போகிற வழியில், கஸ்தூரியார் வீதியில் மாடியில் இருந்த ஒரு சின்னக் கணக்காய்வுக் கந்தோருக்குள், ஆத்திரத்தில்தான் ஏறினேன்.

அந்தப் போர்க்காலம் உங்களுக்குத் தெரியாது. மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான், ஆகவே கல்குலேற்றர் இருந்தும் இல்லாத மாதிரி. பெரியவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டை என் முன்னால் போட்டு, "பரீட்சை மீதி 2,700 ரூபாய் உதைக்குது. எங்கை எண்டு பாரும்" என்றார். பற்றும் வரவும் சமமாக வர வேண்டிய பட்டியலில் அவ்வளவு வித்தியாசம். ஒரு மணித்தியாலம் கூட்டினேன். பிறகும் கூட்டினேன். மூன்றாம் தரம் கூட்டத் தொடங்கியபோது பக்கத்தில் வந்து நின்று, "முதல் அதை ஒன்பதால பிரிச்சுப் பாரும்" என்றார். மீதி இல்லாமல் பிரிந்தது. அப்படிப் பிரிந்தால் யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கச் சந்தர்ப்பம் உண்டு. தேடினேன். 6,300 என்று இருக்க வேண்டிய இடத்தில் 3,600. கண்டுபிடித்தபோது ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்திவிட்டார்கள். பெரியவர் பாராட்டவில்லை. "நாளைக்கு எட்டரைக்கு வாரும்" என்றார். என் சான்றிதழைக் கேட்டது மூன்றாம் மாதம், அதுவும் முழுப் பெயரின் எழுத்தைச் சரிபார்க்க.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். பின்னாளில் நானே ஆள் எடுக்கிற கதிரையில் இருந்தேன். "ஏன் கிளாஸ் வரேல்லை?" என்று நானும் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் வேறு கேள்வி உடனே வாயில் வராததால். பதிலில் எங்களுக்குப் பெரிய அக்கறை இருந்ததில்லை. பார்ப்பது, கேட்கப்பட்டவர் குழைகிறாரா, விரிவுரையாளரைத் திட்டுகிறாரா, பொய் சொல்கிறாரா என்று. நீங்கள் எனக்கு எழுதியதையே அங்கே சொல்லுங்கள்: ஏ.எல். வரை தமிழில் படித்தேன், முதல் வருடம் ஆங்கிலத்தில் விழுந்தேன், விழுந்த இரண்டையும் திரும்ப எழுதிச் சித்தியடைந்தேன். அவ்வளவுதான், இருபது செக்கன். அதற்கு மேல் ஒரு வசனம் சொன்னாலும் அது முறைப்பாடாகிவிடும்.

பெறுபேற்றை எழுதாமல் விடலாமா என்று கேட்கிறீர்கள். எங்கள் கந்தோரில் அழிறப்பர் வைத்திருக்க விடமாட்டார்கள். பிழையாக எழுதினால் அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் சரியான தொகை, அதற்குப் பக்கத்தில் குறுங்கையொப்பம். கீழே பழைய தொகை வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சுரண்டி அழித்த இடத்தைக் கண்டால் கணக்காய்வாளர் அந்தப் பக்கம் முழுவதையும் சந்தேகிப்பார். ஆகவே "சாதாரண சித்தி" என்று நேரே எழுதுங்கள். ஜீபிஏயைக் கொட்டை எழுத்தில் போட வேண்டிய கட்டாயம் இல்லை, பெறுபேற்றுத் தாள் பின்னால் இணைந்திருக்கட்டும். ஆனால் அந்தத் தாளை நீங்கள் ஒருமுறை ஒழுங்காக வாசித்தீர்களா? 2.4 என்பது நாலு வருடத்துச் சராசரி. நிதிக் கணக்கியல், கிரயக் கணக்கியல், வரி, கணக்காய்வு ஆகியவற்றில் மட்டும் என்ன வந்தது என்று தனியாகப் பாருங்கள். கடைசி இரண்டு வருடத்தில் அவை பீ, பீ பிளஸ் என்று ஏறியிருந்தால் அந்தப் பாடங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

பட்டத்துக்குக் கீழே ஒரு வெற்றிடம் இருக்கும். அதை "கடின உழைப்பாளி, குழுவாகச் செயற்படுபவர்" என்று நிரப்புகிறவர்கள்தான் அதிகம். உங்கள் ஊரில் ஒரு சனசமூக நிலையம் இருக்குமே? மாதர் சங்கம்? பொதுக்கூட்டம் கிட்ட வந்தால் பொருளாளர் ஒருவர் சொப்பிங் பாக் நிறையப் பற்றுச்சீட்டோடு அலைந்துகொண்டிருப்பார். அவரைப் பிடியுங்கள். காசு கேட்க வேண்டாம். பற்றுச்சீட்டுக்களைத் திகதி வாரியாக அடுக்கி, காசேடு எழுதி, அதை வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டு இணக்கி, வரவு செலவுக் கணக்கும் ஐந்தொகையும் போட்டுக் கொடுங்கள். பொதுக்கூட்டத்தில் கட்டாயம் ஒரு தாத்தா எழும்பி, "உந்த 1,850 ரூபாய் என்ன செலவு?" என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டால் எந்த நேர்முகமும் பயம் இல்லை. பிறகு அதைச் சுயவிபரக் கோவையில் எழுதுங்கள். பொருளாளரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

ஹார்ட்வெயார் கடை என்று வெட்கப்படுகிறீர்கள். நான் என்றால் முதல் வேலைக்கு அதைத்தான் தேடிப் போவேன். பெரிய கம்பனியில் உங்களுக்கு ஒரு வருடம் முழுக்க ஒரே வவுச்சர் கட்டைத்தான் தருவார்கள். கடையில் எல்லாம் ஒரே மேசைக்கு வரும். மேசன்மார் கடனுக்கு சீமெந்து எடுப்பார்கள். கொந்தராத்துக்காரர் கம்பி எடுத்துவிட்டு இரண்டு மாதம் தள்ளித் திகதி போட்ட செக் தருவார்கள். முதலாளியும் கொழும்பு விநியோகஸ்தருக்கு அப்படித்தான் செக் கொடுத்திருப்பார். வாங்கிய செக் திரும்பினால் கொடுத்த செக்கும் திரும்பும். ஒரு கடை முதலாளிக்கு நித்திரை வராதது இதனால்தான். "வருகிற செக், போகிற செக் இரண்டையும் திகதி வாரியாக ஒரே தாளில் போட்டு, கிழமைக்கு ஒருமுறை உங்களிடம் தருவேன்" என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். முகம் மாறும்.

ஒரு சின்னக் கணக்குக் கொடுத்து, இருத்தி வைத்துச் செய்யச் சொல்லவும் கூடும். கூடுதலாக வங்கி இணக்கக் கூற்றுத்தான் வரும். நான் ஆள் எடுத்த காலத்தில் கொடுத்த மாதிரி ஒன்று: காசேட்டு மீதி 212,500. வங்கிக் கூற்றில் 248,300. எழுதிக் கொடுத்தும் இன்னும் வங்கிக்குப் போகாத செக் 45,000. மாதக் கடைசியில் வைப்பிட்டு, கூற்றில் இன்னும் விழாத காசு 8,000. வங்கி எடுத்த கட்டணம் 1,200, காசேட்டில் பதியவில்லை. கட்டணத்தைக் காசேட்டில் கழித்தால் 211,300. வங்கிப் பக்கம் 45,000ஐக் கழித்து 8,000ஐக் கூட்டினாலும் 211,300. இதைப் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் செய்துவிடுவார்கள். நான் காத்திருந்தது, "அந்த 45,000 செக் எப்ப எழுதினது?" என்று கேட்கிற ஆளுக்காக. ஆறு மாதம் தாண்டினால் அந்த செக்கை வங்கி ஏற்காது. யாருக்குக் கொடுத்தோம், ஏன் போடாமல் வைத்திருக்கிறார் என்று விசாரிக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு பையனை அடுத்த நாளே வரச்சொன்னேன். அவனுக்கும் கிளாஸ் இல்லை.

சம்பளப் பட்டியலையும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 40,000 ரூபாய் சம்பளம் என்றால் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம், 3,200 கழிப்பது. முதலாளி தன் பங்காக 12 வீதம், 4,800 போடுவது. நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 1,200, அதுவும் முதலாளியின் காசு. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது. அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். பல கடைகளில் இதுதான் பிந்தும், பிந்தினால் மேலதிகக் கட்டணம். வாட், அதாவது பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். வரி உட்பட 118,000 ரூபாய் பில்லில் வரி எவ்வளவு என்று கேட்டால் அவசரப்பட்டு 21,240 என்று சொல்லிவிடாதீர்கள். வரிக்கு முந்திய விலை 100,000, ஆகவே வரி 18,000.

ஆங்கிலம் பற்றி ஒன்று. உங்களுக்கு இரண்டு மொழியிலும் பாதி பாதி தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பரீட்சை மீதி, பெறுமானத் தேய்வு, தொங்கற் கணக்கு என்று ஏ.எல்.இல் படித்ததெல்லாம் உங்களிடம் உறுதியாக இருக்கும். அதே சொற்களை ட்ரையல் பலன்ஸ், டிப்ரிசியேஷன், சஸ்பென்ஸ் என்று ஒரு கொப்பியில் எதிரெதிரே எழுதி வையுங்கள். ஐம்பது, அறுபது சொல்லுக்கு மேல் வராது. கொடிகாமத்தில் முதலாளி தமிழில் கேட்பார், மென்பொருள் ஆங்கிலத்தில் கேட்கும், விநியோகஸ்தரின் கிளாக்கர் சிங்களம் கலந்து கேட்பார். கம்பஸில் உங்களைத் தடுமாற வைத்த அதே இடத்தில் இங்கே ஆள் தேவைப்படுகிறது.

கடை சரிவராவிட்டால் யாழ்ப்பாணத்துச் சின்னக் கணக்காய்வுக் கந்தோர்களுக்கு நேரே போங்கள். மின்னஞ்சல் வேண்டாம், பல இடங்களில் அதைத் திறந்து பார்க்கவே ஆள் இல்லை. போகிற காலத்தையும் பார்த்துப் போங்கள். வரிக் கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது, வருமான வரி அறிக்கை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். செப்டெம்பர் பிறந்தால் அங்கே மேசையில் தேத்தண்ணிக் கோப்பை வைக்கவும் இடம் இருக்காது. ஓகஸ்டில் போய், மூன்று மாதம் உதவியாளராக நிற்கிறேன் என்று சொன்னால் கிளாஸைக் கேட்க அவர்களுக்கு நேரம் இராது. சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. பஸ் காசும் சாப்பாடும் போக மிஞ்சுவது கொஞ்சம்.

பயிற்சி நெறிகளில் ஏதாவது ஒன்று போதும். மூன்றுக்கும் பதிவுக்காசு கட்டிவிட்டு ஒன்றையும் எழுதாதவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். சீஏக்குப் பயிற்சிக் காலமும் வேண்டும் என்பதால் முதலில் அந்தக் கந்தோர் கணக்காளரிடம் கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள். உங்கள் பட்டத்துக்கு எந்தப் பாடங்களில் விலக்கு உண்டென்று பதிய முன்னர் எழுத்தில் கேளுங்கள்.

அம்மாவோடு சண்டை வேண்டாம். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மாவட்டச் செயலகமான கச்சேரி முன்னால் வேலை கேட்டு இருந்த இருப்பை நான் போகவர நின்று பார்த்தவன். அவர்கள் கோரிக்கை நியாயமானது. ஆனால் காத்திருந்த காலத்தில் கணக்கு மறந்துபோனவர்களும் அதில் இருந்தார்கள். அரச வேலைக்கு விண்ணப்பியுங்கள், போட்டிப் பரீட்சை எழுதுங்கள், கடையில் நின்றுகொண்டே.

ஒரே ஒரு எச்சரிக்கை. சில முதலாளிமார் நேர்முகத்திலேயே மெதுவாகக் கேட்பார்கள்: "வரிக்கு ஒரு புத்தகம், எனக்கு ஒரு புத்தகம் வைப்பீரோ?" இதற்கு மாட்டேன் என்று சொன்னதால் எனக்கு ஒரு வேலை போனது. பிறகு அந்தக் கடைக்கு ஆட்கள் வந்து அலுமாரியைச் சீல் வைத்தபோது, உள்ளே இருந்த இரண்டாவது புத்தகத்தில் இருந்தது வேறு ஒரு பிள்ளையின் கையெழுத்து.

கொடிகாமம் முதலாளி அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அவர் கேட்கப்போவது, காலை எத்தனை மணிக்கு வருவீர், பஸ் பிந்தினால் என்ன செய்வீர் என்றுதான். கண்டி வீதியில் சாவகச்சேரியிலிருந்து கொடிகாமத்துக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று திங்கட்கிழமையே பார்த்து வையுங்கள்.

அன்புடன்.