முண்டியடித்தது யார்?

கேள்வி: மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரின் கால்பந்து லீக்கில் வென்றவர்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2023 ‘கிளாசுரா’ பருவத்துக்கு நேரே பெயரே இல்லை. காலிறுதியின்போது ரசிகர்கள் முண்டியடித்து உள்ளே நுழைந்ததில் 12 பேர் இறந்தார்களாம், பருவத்தையே ரத்து செய்துவிட்டார்களாம். ஒரு மைதானத்தில் கொஞ்சம் பேர் ஒழுங்கு தவறியதற்கு நாட்டின் அத்தனை அணிகளையும் தண்டிப்பது என்ன நியாயம்? புள்ளிப் பட்டியலில் முதலில் நின்ற அணிக்காவது கோப்பையைக் கொடுத்திருக்கலாமே?
— வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் ‘முண்டியடித்து’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லில் பன்னிரண்டு பேர்மேல் பழி போட்டுவிட்டீர்கள். அவர்கள் வந்து பதில் சொல்ல முடியாது. அதனால் நான் சொல்கிறேன்.

2023 மே 20, சனிக்கிழமை இரவு. தலைநகர் சான் சால்வடோரில் குஸ்கத்லான் மைதானம். தலைநகரின் அலியான்சாவும், மேற்கே சாந்தா அனா நகரின் ஃபாஸும் மோதும் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம். தோற்றவர்களுக்குப் பருவம் அதோடு சரி. ஃபாஸ் அப்போது நாட்டிலேயே அதிக முறை பட்டம் வென்றிருந்த அணி. ஸ்பெயினின் காதிஸ் ரசிகர்கள் இன்றும் கொண்டாடும் ‘மாகிகோ’ கோன்சாலஸ் ஆடிய அணி. அலியான்சாவோ 1967-லேயே வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கழகங்களுக்கான கோப்பையை நாட்டுக்குக் கொண்டுவந்தது. இந்த இரண்டும் மோதினால் கூட்டம் எப்படி வரும் என்பது சான் சால்வடோரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டிக்கெட் விற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

ஆட்டம் தொடங்கிப் பதினாறு நிமிடம் போல ஆகியிருக்கும். அதுவரை ஆடியவர்களுக்கு எதுவும் தெரியாது. மாடத்தில் இருந்தவர்கள் கைகளை வீசி வீசிக் காட்டினார்கள். பிறகு சுரங்க வழியாக ஆட்களைத் தூக்கிக்கொண்டு புல்தரைக்கே இறங்கி வந்தார்கள். அந்த இரவின் படக்காட்சிகளில் என்னால் மறக்க முடியாதது ஒன்று உண்டு. புல்லில் அசைவில்லாமல் கிடக்கிறவர்களைச் சுற்றி நின்று ரசிகர்கள் தங்கள் சட்டையைக் கழற்றி விசிறுகிறார்கள். காற்று வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கையில் இருந்தது அணியின் சட்டை மட்டும்தான். அந்த மாதிரி நின்றவர்களைத்தான் நீங்கள் ஒழுங்கு தவறியவர்கள் என்கிறீர்கள்.

தெற்குப் பக்க வாசலில் கதவு தள்ளப்பட்டுத் திறந்தது என்று போலீஸ் சொன்னது. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூடிய கதவுக்கு வெளியே நின்றோம் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். இரண்டையும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன், உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்ட சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, எப்போது திறக்கும் என்று யாரும் சொல்லாத கதவுக்கு முன்னால் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் இன்னும் நூறு பேர். அந்த நூறு பேருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. கொஞ்சம் நகர்ந்தால் உள்ளே போய்விடலாம் என்று ஒவ்வொருவரும் அரை அடி எடுத்து வைக்கிறார்கள். அந்த அரை அடிகளெல்லாம் சேர்ந்து கதவருகே நிற்பவன் நெஞ்சில் போய் விழுகின்றன.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் நான்கு பேர் நின்றால் நெருக்கம்தான், ஆனாலும் நம் காலில் நாம் நிற்கலாம். ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டால் யாரும் தன் விருப்பத்துக்கு நகர்வதில்லை. கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும், நாம் அதில் மிதக்கிறோம். கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளாதவனுக்கு விலா எலும்பு விரிய இடம் இருக்காது. விரியாவிட்டால் மூச்சு இல்லை. இப்படிச் சாகிறவர்களில் பலர் மிதிபடுவதே இல்லை, நின்றபடியே போகிறார்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இதற்கு மாட்டுமந்தை மிரண்டு ஓடுவதற்கான சொல்லைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். நம் ‘நெரிசல்’ எவ்வளவோ உண்மையான சொல். நெரிந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறது, யாரையும் மந்தை என்று திட்டுவதில்லை. கையில் அவ்வளவு நல்ல சொல் இருக்கும்போது ‘முண்டியடித்து’க்குப் போனீர்களே என்பதுதான் என் வருத்தம்.

இது அந்தப் பகுதிக்குப் புதிதும் இல்லை. பக்கத்து நாடான குவாத்தமாலாவில் 1996 அக்டோபர் 16 அன்று கோஸ்டா ரிகாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் தொடங்கும் முன்பே தலைநகரின் மத்தேயோ ஃபுளோரஸ் மைதானத்தில் 80-க்கும் மேற்பட்டோர் நெரிந்து இறந்தார்கள். அந்த மாடம் தாங்கக்கூடியதைவிட மிக அதிகம் பேர் அங்கே இருந்தார்கள். போலி டிக்கெட் புழங்கியது என்றார்கள். சரி, போலி டிக்கெட்டே ஆகட்டும். உள்ளே எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணவேண்டியது யார் வேலை? பின்வரிசையில் நின்று தள்ளிய பையனின் வேலையா? இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989-ல் ரசிகர்கள் நெரிந்து இறந்தபோதும் முதல் நாளே அவர்கள்மேல்தான் பழி போட்டார்கள். குடித்துவிட்டு வந்தார்கள், கதவை உடைத்தார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். நடத்தையில் எந்தத் தவறும் இல்லை, சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஜூரி சொல்ல 2016 வரை, 27 வருடம் ஆனது. பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ பெற்றோர் அந்தத் தீர்ப்பைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்கள். அதனால்தான் இந்தப் பழி பற்றிப் பேச்சு வரும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

எல் சால்வடோரில் ஒரு விஷயம் சரியாக நடந்தது. விசாரணை மேலேயிருந்து தொடங்கியது. அணிகள், நிர்வாகிகள், மைதானம், டிக்கெட் விற்பனை, லீக், சம்மேளனம் எல்லாமே விசாரிக்கப்படும் என்று அதிபர் புக்கேலே அன்றிரவே அறிவித்தார். சில நாட்களில் கழக நிர்வாகத்தையும் மைதானப் பொறுப்பையும் சேர்ந்த ஐந்து பேர் கைதானார்கள். கதவுகளுக்குப் பொறுப்பானவரும் அவர்களில் ஒருவர். இறந்தவர்களைக் குற்றம் சொல்வதில் நீங்கள் காட்டிய அவசரத்தை அந்த நாட்டின் அரசு வழக்கறிஞர்கூடக் காட்டவில்லை.

தண்டனை என்கிறீர்களே, அலியான்சாவுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? 30,000 டாலர் அபராதம், ஒரு வருடம் சொந்த மைதானத்தில் ரசிகர்கள் இல்லாமல் ஆட வேண்டும். கணக்குப் போட்டால் ஓர் உயிருக்கு 2,500 டாலர் வருகிறது. ரசிகர் இல்லாத ஒரு வருடம் யாரைத் தண்டிக்கிறது? அந்த இரவில் சட்டையால் விசிறியவர்களை. வாசலை அகலப்படுத்து, ஆட்களை எண்ணி விடு, ஆட்டத்துக்குப் போதுமான நேரம் முன்பே கதவைத் திற, கூட்டம் தேங்கினால் ஆட்டத்தைத் தள்ளிவை. கால்பந்து நிர்வாகம் இதையெல்லாம் விதியாக எழுதி, மீறினால் மைதானத்தையே மூடுவோம் என்று சொல்லியிருந்தால் அது தண்டனை. ஆனால் சம்மேளனமே அப்போது ஃபிஃபா நியமித்த இடைக்காலக் குழுவின் கையில் இருந்தது. எட்டு மாதம் கழித்து, 2024 ஜனவரி 19 அன்று, மெஸ்ஸி இன்டர் மயாமி அணியோடு வந்து அதே குஸ்கத்லானில் ஆடினார். அன்று எந்தக் கதவு எப்போது திறந்தது என்று ஒருவராவது எழுதுவார்களா என்று தேடினேன். நான் படித்ததெல்லாம் மெஸ்ஸி எவ்வளவு நேரம் ஆடினார் என்பதுதான்.

இப்போது ரத்து விஷயம். மற்ற அணிகள் தண்டிக்கப்பட்டதாக நான் நினைக்கவில்லை. அங்கே ஆண்டுக்கு இரண்டு பருவம். ஆண்டின் நடுவில் தொடங்கி டிசம்பர்வரை அபெர்துரா, ஜனவரியில் தொடங்குவது கிளாசுரா, இரண்டுக்கும் தனித்தனி சாம்பியன். ஒரு கிளாசுரா போனால் அடுத்த அபெர்துரா சில வாரத்தில் வந்துவிடும். விளையாட்டு வீரனுக்கு அந்த இழப்பு வலிக்கும், மறுக்கவில்லை. 2022 அக்டோபரில் இந்தோனேசியாவின் மலாங் பகுதியில், கஞ்சுருகான் மைதானத்தில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியதில் 135 பேர் இறந்தார்கள். அங்கே முதல்நிலை லீக்கை இரண்டு மாதம் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கினார்கள், மகாஸர் நகர அணி பட்டம் வென்றது. அந்த வீரர்கள்மேல் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை இன்று புரட்டுகிறவர் மகாஸர் என்ற பெயரைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

நீங்கள் கேட்ட முதலிடத்து அணிக்கு வருகிறேன். அந்த லீக்கில் புள்ளிகள் எட்டு அணிகளைக் காலிறுதிக்கு அனுப்பும், அவ்வளவுதான். பட்டம் இறுதியாட்டத்தில் தீர்மானிக்கப்படும் என்று தெரிந்துதான் எல்லாரும் பருவத்தைத் தொடங்கினார்கள். நடுவில் விதியை மாற்றி ஒருவர் கையில் கோப்பையைக் கொடுத்திருந்தால், அந்த வரியிலும் ஒரு பெயர் ஏறியிருக்கும். கும்பகோணத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்த்த நீங்கள் எதையும் கேட்டிருக்க மாட்டீர்கள். பெயர் இல்லாததால்தானே ஏன் என்று தேடிப்போய், பன்னிரண்டு பேர் செத்தார்கள் என்று தெரிந்துகொண்டு எனக்கு எழுதினீர்கள்.