ஒரே ஊர்ப் பெயரில் இரண்டு புட்டிகள்

கேள்வி: வேலை காரணமாக ஆறு மாதமாக இத்தாலியின் மோதெனா நகரில் குடும்பத்துடன் வசிக்கிறோம். இவ்வூர் உணவுகளை வாங்கிச் சுவைத்துப் பார்க்க ஆசை. ஆனால் பால்சாமிக் வினிகர் ஒரு கடையில் 250 மில்லி 4 யூரோ, மற்றொன்றில் 100 மில்லி 50 யூரோ. இரண்டிலும் மோதெனா என்றே அச்சிட்டிருக்கிறது. எதை வாங்குவது? நாங்கள் சைவம், பர்மிஜானோ சீஸ் சாப்பிடலாமா?

பதில்: நீங்கள் பார்த்த இரண்டும் அசல் சரக்குதான், ஆனால் செய்முறையிலேயே வேறானவை. விலை கூடியதன் பெயரில் ‘த்ரதித்சியொனாலே’ (மரபுவழி) என்ற சொல்லும், ஊர்ப்பெயரைக் காக்கும் ஐரோப்பிய முத்திரையான சிவப்பும் மஞ்சளுமான டிஓபியும் இருக்கும். திராட்சைச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்து, பெரிதிலிருந்து சிறிதாக வரிசையில் நிற்கும் மரப்பீப்பாய்களில் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, குறைந்தது 12 ஆண்டு முதிரவிட்ட பிறகே அது புட்டிக்கு வருகிறது. ‘எக்ஸ்த்ராவெக்கியோ’ என்றிருந்தால் 25 ஆண்டு. கோடை வெக்கையும் பனிக்காலக் குளிரும் நன்றாகப் படவேண்டும் என்பதற்காகவே பீப்பாய்களைப் பரணில் வைக்கிறார்கள். சாற்றைத் தவிர வேறெதுவும் அதில் சேர்வதில்லை.

மலிவான புட்டியில் இருப்பது அதே வகையில் விதி தளர்ந்த, நீலமும் மஞ்சளுமான ஐஜிபி முத்திரை. அது திராட்சைச் சாறும் ஒயின் வினிகரும் கலந்தது; 60 நாள் முதிர்ந்தாலே போதும், நிறத்துக்காகச் சிறிதளவு கேரமல் சேர்க்கவும் விதி இடம் தருகிறது. இதை வாங்கும்போது பொருட்பட்டியலைப் படியுங்கள்: ‘மோஸ்தோ’ (திராட்சைச் சாறு) முதலில் வந்தால் சாறு அதிகம், இனிப்பு தூக்கலாக இருக்கும், ‘அச்சேத்தோ தி வீனோ’ (ஒயின் வினிகர்) முதலில் வந்தால் புளிப்பு முந்தும். ‘கிளாஸ்ஸா’ என்று விற்கும் கெட்டியான பால்சாமிக் சாஸின் கெட்டித்தன்மை பெரும்பாலும் மாவுப்பொருளால் வருவது. அதை முதிர்ச்சி என்று நம்பிவிடாதீர்கள்.

அன்றாடச் சாலட்டுக்கு ஐஜிபியே போதும் என்பேன். 50 யூரோ புட்டியை அடுப்பில் ஏற்றினால் மணம் போய்விடும். வெனிலா ஐஸ்கிரீமிலோ ஸ்ட்ராபெரியிலோ நான்கைந்து சொட்டு விட்டுச் சாப்பிட வேண்டியது அது. ஊரைச் சுற்றியுள்ள ‘அச்சேத்தாயா’க்கள் (வினிகர் முதிரவைக்கும் கூடங்கள்) பலவற்றில் முன்பதிவு செய்து போனால் கரண்டியில் ஊற்றிச் சுவைக்கத் தருவார்கள்; சுவைத்துப் பார்த்த பிறகு புட்டியை வாங்குங்கள்.

சீஸ் விஷயத்தில் ஏமாந்துவிட வேண்டாம். பர்மிஜானோ ரெஜானோவின் பாலைத் திரியவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. ஆகவே அது சைவமன்று. கீரையும் ரிக்கோத்தா என்ற மென்மையான பாலாடைக்கட்டியும் வைத்த தொர்த்தெல்லோனி பாஸ்தாவின் பூரணத்திலும் அந்தச் சீஸ் இருப்பது வழக்கம். ‘கால்யோ வெஜெதாலே’ (தாவர நொதி) என்று எழுதிய சீஸைத் தேடுங்கள். பூரிபோல் உப்பி வரும் ஞோக்கோ ஃப்ரித்தோவைக் கண்டதும் கைநீட்டத் தோன்றும். மரபுப்படி அதைப் பொரிப்பது பன்றிக்கொழுப்பில், எனவே ‘ஸ்த்ருத்தோ’ (அந்தக் கொழுப்பு) உண்டா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.