தோற்கப்போகிறவரும் கையெழுத்திடும் தாள்

அன்புள்ள ஐயா,

ஜார்ஜியா மாநிலத்தில் வாழும் என் மைத்துனர் குடியரசுக் கட்சிக்கே வாக்களிப்பவர். 2020 அதிபர் தேர்தலில் மோசடி நடந்தது என்று இன்றும் உறுதியாக நம்புகிறார். இவரைப் போன்றவர்களுக்குத் தேர்தல்மீது நம்பிக்கை வர வழியே இல்லையா?

எஸ்., நங்கநல்லூர்

அன்புள்ள எஸ்.,

அந்த மாநிலத்திலேயே 2020 நவம்பரில் சுமார் 50 லட்சம் வாக்குகளைக் கையால் எண்ணினார்கள். தேர்தல் பொறுப்பிலிருந்த மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர். பைடன் வென்றார் என்ற முடிவு மாறவில்லை. மறு ஆண்டு அரிசோனா மாநிலத்தின் மாரிகோபா மாவட்டத்தில் அக்கட்சியின் மாநில மேலவையினரே நடத்திய எண்ணிக்கையில் பைடனின் முன்னிலை 360 வாக்குகள் கூடவே செய்தது. அப்படியும் ஐயம் தீரவில்லை என்றால், முடிவு வந்தபின் காட்டும் ஆதாரம் தோற்றவர் மனத்தில் ஏறாது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முடிவுக்கு முன்பே நேரில் பார்ப்பது வேறு. ஆசிரியப் பணியில் இருந்தபோது திருவல்லிக்கேணிப் பள்ளி ஒன்றில் வாக்குச்சாவடி அலுவலராக இருந்திருக்கிறேன். பொழுது விடிவதற்குள் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். குறைந்தது 50 வாக்குகளைப் பதிந்து, யாருக்கு வாக்கு விழுந்தது என்று காட்டும் விவிபாட் சீட்டுகளை மேசையில் கொட்டி எண்ணி, இயந்திரம் காட்டும் கணக்கோடு ஒப்பிட்டு, இயந்திரத்தில் பதிவான அந்த மாதிரி வாக்குகளை அழித்த பிறகு, பச்சை முத்திரைத் தாளில் எல்லாக் கட்சி முகவர்களும் கையெழுத்திடுவார்கள். “மெஷின்ல ஏதாச்சும் பண்ணிடுவாங்க சார்” என்று காலையில் சொன்ன முகவர் ஒருவர், மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கான 17-சி படிவத்தின் நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். அந்தக் கணக்கு அதற்குப் பிறகு அவருடையது.

உங்கள் மைத்துனரின் ஐயத்தை ஏளனம் செய்யாதீர்கள். பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் அஞ்சல் வாக்கு உறைகளைப் பிரிக்கச் சட்டம் இடம் தராததால் அந்த வாக்குகளின் கணக்குத் தாமதமாகிறது; இரவில் முன்னிலையில் இருந்தவர் அடுத்தடுத்த நாட்களில் பின்தங்குவதைப் பார்ப்பவருக்குச் சந்தேகம் எழுவது இயல்புதான். குடியரசுக் கட்சி ஆளும் புளோரிடாவில் அந்த உறைகளை முன்கூட்டியே பிரித்துச் சரிபார்ப்பதால் பெரும்பாலும் அன்றிரவே கணக்குத் தெரிந்துவிடுகிறது. பென்சில்வேனியாவின் தாமதம் அதன் சட்டமன்றம் திருத்த வேண்டிய குறை.

ஜார்ஜியாவிலும் தேர்தலுக்கு முன் வாக்கு இயந்திரங்களைச் சோதிப்பதைப் பொதுமக்கள் நேரில் பார்க்கலாம். நாளையும் இடத்தையும் முன்கூட்டியே அறிவிப்பார்கள். அவரை வாதத்துக்கு இழுக்காமல், அடுத்த சோதனைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்வரச் சொல்லுங்கள். முடிந்தால் வாக்குச்சாவடிப் பணிக்கும் பெயர் கொடுக்கட்டும்.